உள்ளிட்டோர்

அறிக்கையக்காவுக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று அலுவலகத்தில் எல்லோரும் நம்பினார்கள். அக்காவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், எஃப்எம் வந்து சேரும்வரை.

பதினான்கு வருடமாக அவள் அறிக்கை எழுதுகிறாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த செயலாளர்கூட அவளை அறிக்கையக்கா என்றுதான் கூப்பிடுவார். சினிமாவும் தொலைக்காட்சியும் யாரையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்புகின்றனவோ, அவர்களை உள்ளே கூட்டிப்போய் வேலையில் உட்கார வைப்பது அவள் இருக்கும் மன்றத்தின் வேலை. கேமராவுக்குப் பின்னால் நிற்க ஆசைப்படும் பெண்கள், காது கேளாத நடிகர்கள், சக்கர நாற்காலியில் வரும் படத்தொகுப்பாளர்கள், நிறம் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். நடந்ததை நாலு பேருக்குத் தெரியச் சொல்வது செய்தித் தொடர்புப் பிரிவின் வேலை. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஓர் அறை, நான்கு மேசை, ஒரே ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

பத்திரிகைகளோடு அக்கா போடும் சண்டை ஊரறிந்தது. ‘கால் இழந்தும் களம் வென்றவர்’ என்று தலைப்புப் போட்ட ஓர் உதவி ஆசிரியரை அவள் போனில் அரை மணி நேரம் வறுத்தெடுத்திருக்கிறாள். “சார், படத்தொகுப்பு உட்கார்ந்து பண்ற வேலை. நீங்களும் நானும் பண்ணாலும் உட்கார்ந்துதான் பண்ணணும். காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு மன்றத்துச் செய்தி வந்தாலே தலைப்பே போடாமல் அவளுக்கு அனுப்பிவிட்டு, “நீங்களே வச்சுக் குடுத்துடுங்கம்மா” என்று கும்பிடு போட ஆரம்பித்தார்.

சொற்களில் அவளுக்கு ஆகவே ஆகாத ஒன்று உண்டு. அது ‘உள்ளிட்டோர்’. இன்னார், இன்னார், இன்னார் உள்ளிட்டோர் கலந்துகொண்டனர் என்று அறிக்கையின் கடைசியில் வருமே, அதுதான். யாரையாவது விட்டுவிட்டோமோ என்று பயந்தவர்கள் மிச்சமிருக்கும் கூட்டத்தையெல்லாம் அள்ளிப் போட்டுக் கட்டுகிற சாக்குமூட்டை அது. சொல்லைப் பார்த்தால் உள்ளே சேர்ப்பது போலத் தோன்றும், செய்வதெல்லாம் வெளியே நிறுத்தி வைப்பது. அந்த மூட்டைக்குள் பதினான்கு வருடமாகக் கிடந்தவள் அவளே. எழுதுகிறவள் தன் பெயரைத் தானே எப்படிப் போட்டுக்கொள்வாள்? விழாவுக்குத் தண்ணீர் பாட்டில் வந்ததா என்பதிலிருந்து மேடையில் நடிகை என்ன பேச வேண்டும் என்பதுவரை பார்த்துப் பார்த்துச் செய்தவள் உள்ளிட்டோரில் ஒருத்தியாகிப் போனாள்.

அந்தக் கடுப்பில்தான் அலுவலகத்துக்கென்று அவள் ஒரு கையேடு எழுதினாள். மன்றம் வெளியிடும் ஒவ்வொரு போட்டோவோடும் நாலு வரியில் ஒரு படவிளக்கம் போக வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்குப் போன் அதை வாசித்துக் காட்டும். படத்தில் கண்ணில் படுகிற ஒவ்வொருவரும் அந்த விளக்கத்தில் காதிலும் விழ வேண்டும். ‘உள்ளிட்டோர்’ கூடாது, ‘மற்றும் பலர்’ கூடாது. எழுதியதைப் பார்வை இல்லாத ஒருவர் கேட்டுச் சரி சொன்ன பிறகே வெளியிட வேண்டும். இந்தக் கையேட்டை வேறு இரண்டு மன்றங்கள் கேட்டு வாங்கிப் பயன்படுத்துகின்றன. எழுதியவர் பெயர் அதிலும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எஃப்எம் வந்தாள். ஐந்து வருடம் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தியவள், பேச ஆரம்பித்தால் நடுவில் விளம்பரத்துக்குக்கூட இடம் விடமாட்டாள். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. பிறவியிலேயே பார்வை கிடையாது. மன்றம் சேர்த்துக்கொண்ட முதல் பார்வையற்ற ஊழியர் அவள்தான். அப்படி ஒருவரைச் சேர்க்கச் சொல்லி ஆறு வருடமாகக் குறிப்பு மேல் குறிப்பு எழுதி அனுப்பியவள் அறிக்கையக்காதான். லிஃப்டில் மாடி எண்ணைக் குரலில் சொல்ல வைத்ததும் அவள்தான்.

முதல் நாள் செயலாளர் மாலை போடாத குறையாக வரவேற்றுப் பேசினார். “பார்வை இல்லாட்டியும் நம்பிக்கை இழக்காதவங்க” என்று அவர் வாய் தவறிச் சொன்னதும் அக்கா பல்லைக் கடித்தாள். எஃப்எம் சிரித்துக்கொண்டே, “இல்ல சார், அதையும் காலையில பஸ்ல தொலைச்சுட்டேன். யாராவது எடுத்தா குடுக்கச் சொல்லுங்க” என்றாள். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. செயலாளரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இதே தவறுக்காக அக்கா அவரிடம் பதினான்கு வருடமாகத் தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். ஒருநாளாவது அவர் சிரித்ததில்லை. “சரி சரி, மாத்திக்கறேன்” என்று முகத்தைச் சுருக்கியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலமே ஜன்னலோர மேசையை எஃப்எம்முக்குக் கொடுத்தார்கள். லிஃப்டிலிருந்து நேராக வந்தால் கையில் தட்டுப்படுகிற முதல் மேசை அது, காரணம் நியாயமானதுதான். அக்கா அந்த மேசைக்கு ஆறு வருடம் காத்திருந்தவள். ‘பார்க்கவே முடியாதவளுக்கு ஜன்னல் எதற்கு?’ என்று அவள் மனம் கேட்டது. கேட்ட மறுநொடி அவளுக்குக் கூசிப்போய்விட்டது. வேறு யாராவது இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளே சட்டையைப் பிடித்திருப்பாள். ஆனால் கூச்சம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம் என்று இரண்டும் உள்ளே குடியிருந்தன. ஒன்று வந்ததால் இன்னொன்று காலி செய்துவிடவில்லை.

இத்தனைக்கும் எஃப்எம் ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கா, அக்கா என்று வாய்க்கு வாய் கூப்பிடுவாள். குறை வைத்திருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

திரைப்படங்களுக்கு ஒலிவிளக்கம் தயாரிக்கிற வேலையை இருவரும் சேர்ந்து செய்தார்கள். வசனம் இல்லாத இடங்களில் திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகும், அதுதான் ஒலிவிளக்கம். அக்கா பார்த்து எழுதுவாள், எஃப்எம் கேட்டுத் திருத்துவாள்.

“கதவு மெதுவாகத் திறக்கிறது” என்று அக்கா வாசித்தாள்.

“அக்கா, கதவே கிறீச்சுனு கத்தி ஊரைக் கூட்டுது. நாம வேற எதுக்கு?”

“அவள் அழுகிறாள்.”

“மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது அக்கா. எதைப் பார்த்து அழறான்னு மட்டும் சொல்லுங்க, அதான் எனக்குத் தெரியாது.”

எல்லாம் சரியான திருத்தங்கள். சரியாக இருந்ததுதான் அக்காவைச் சுட்டது. இருபது பக்கம் எழுதிக் கொண்டுபோனால் ஒன்பது பக்கமாகித் திரும்பி வந்தது. அந்த ஒன்பது பக்கம் இருபதைவிட நன்றாகவும் இருந்தது. பிறகு எஃப்எம் தன் வானொலிக் குரலில் அதைப் பேசிப் பதிவு செய்தாள்.

அக்காவின் கணவர் முப்பது வருடம் படப்பிடிப்புகளில் விளக்குத் தூக்கியவர். முதுகு ஒத்துழைக்காததால் இப்போது வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு சோபாவில் சாய்ந்து கேட்டார். ரயில் நிலையத்தில் தகப்பன் மகளை விட்டுவிட்டுப் போகிற காட்சி வந்தபோது அவர் கண்ணோரம் ஈரமாகிவிட்டது.

“என்னமா பண்ணியிருக்கா இந்தப் பொண்ணு! முப்பது வருஷம் நான் லைட் போட்டும் எனக்கு இப்படி ஒரு காட்சி தெரிஞ்சதில்ல.”

“எழுதினது நானு” என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே.

“அப்படியா? சொல்லவே இல்லையே நீ.”

“நான் சொல்லிதான் தெரியணுமா?”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். “உனக்குக் காதுல புகை வருது” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அக்கா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். அன்று முழுக்க அவரிடம் ஒழுங்காகப் பேசவில்லை.

இந்த நிலையில்தான் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. அந்த நாற்காலி அக்காவுக்குத்தான் என்று பல வருடமாகப் பேச்சு. அக்காவும் வெளியே காட்டிக்கொள்ளாமல் அதை ஒரு பிடிவாதமாகவே வளர்த்து வைத்திருந்தாள். தலைவர் என்றால் அறிக்கையின் கீழே பெயர் வரும், மேடையில் நின்று நிருபர்களுக்குப் பதில் சொல்லலாம். எழுதியதைத் தன் வாயாலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஆனால் செயலாளர் இப்போதெல்லாம் எஃப்எம்மைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவளைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பேசினார். அரை மணி நேரம் கழித்து எஃப்எம் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. கேட்காமலேயே தெரிந்துவிட்டது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து மன்றத்தின் ஆய்வறிக்கை வெளியீடு நடந்தது. படப்பிடிப்புத் தளங்களில் யார் யாருக்கு வேலை கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு பேராசிரியர் ஒரு வருடம் அலைந்து எழுதிய ஆய்வு அது. விழா முடிந்ததும் போட்டோ. பேராசிரியர், புத்தகத்தை வெளியிட்ட நடிகை, செயலாளர், பிரிவுத் தலைவர் என்று வரிசையாக நின்றார்கள். அக்கா வழக்கம்போல போட்டோக்காரருக்குப் பின்னால் நின்று நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“எஃப்எம், வாம்மா, நீயும் வந்து நில்லு” என்று செயலாளர் கூப்பிட்டார்.

“அக்காவையும் கூப்பிடுங்க சார். கேமரா எந்தப் பக்கம்னு எனக்கு யார் சொல்றது? நான் பாட்டுக்கு சுவத்தைப் பார்த்து சிரிச்சுட்டு நிப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா போய் நின்றாள். எஃப்எம் அவள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு வலது கோடியில் நின்றாள். பதினான்கு வருடத்தில் அக்கா இடம்பெற்ற முதல் மேடைப் படம் அது. அதிலும் வழிகாட்டியாகத்தான் இடம். எஃப்எம் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள் என்பது அக்காவுக்கு நன்றாகவே தெரியும். அவள் கையைப் பிடித்திருந்த இடம் மட்டும் சுர்ரென்று எரிந்தது.

மறுநாள் எஃப்எம் மதியத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போட்டோ மூன்று மணிக்கு வந்தது. அக்கா படவிளக்கம் எழுத உட்கார்ந்தாள்.

படத்தில் ஆறு பேர். பேராசிரியரின் சாம்பல் நிறக் கோட்டை எழுதினாள். நடிகையின் குட்டை முடியை எழுதினாள். செயலாளரின் கையில் இருந்த புத்தகம், பிரிவுத் தலைவரின் கூப்பிய கை, ஊதாச் சால்வை போர்த்திய அறிக்கையக்கா. இதுவரை வந்துவிட்டாள். அடுத்தது எஃப்எம். திரையில் அவள் பளிச்சென்று இருந்தாள். படத்தைப் பார்க்கிற யாருக்கும் கண் முதலில் அங்கேதான் போகும். விரல் விசைப்பலகையின் மேல் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு அது ‘உள்ளிட்டோர் மேடையில் நிற்கிறார்கள்’ என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தது. விரல் என்று சொல்வது அவள் பிற்பாடு சொல்லிக்கொண்ட சமாதானம். அடித்தது அவள்தான். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்தும் பார்த்தாள். தன்னை வெளியே எடுத்துவிட்டு அந்த மூட்டைக்குள் இன்னொருத்தியைப் போட்டுக் கட்டியிருந்தாள்.

பார்க்கிறவர்களுக்கு எஃப்எம் இருக்கிறாள், பார்க்காதவர்களுக்கு இல்லை. அலுவலகத்தில் பார்க்கிற ஒருவரும் இந்த விளக்கத்தைப் படிக்கப்போவதில்லை. கேட்டுச் சரி சொல்ல வேண்டியவள் வீட்டுக்குப் போய்விட்டாள். காலைவரை பொறுக்கலாம்தான். அக்கா பொறுக்கவில்லை. வெளியிட்டுவிட்டுக் கணினியை அணைத்தாள். அன்று சாயங்காலம் மனம் குளிர்ந்து கிடந்தது. வெகு நாளைக்குப் பிறகு கணவரிடம் அவள் சிரித்துப் பேசினாள். அந்தக் குளிர்ச்சி அடுத்த நாள் விடுமுறை முழுக்கவும் இருந்தது.

விடுமுறை முடிந்து எஃப்எம் வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. மேசையில் பையை வைத்தாள். வழக்கமான காலை ஒலிபரப்பு எதுவும் வரவில்லை. அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் போட்டோவுக்கு வெளியே தள்ளி நின்னுட்டேனா?”

அக்காவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அதைப் பார்க்க அங்கே ஆளில்லை என்று அவள் நினைத்தாள்.

“ஏன் கேக்கறே?”

“படவிளக்கத்துல நான் இல்லையே. அஞ்சு பேரைச் சொல்லிட்டு உள்ளிட்டோர்னு வந்துச்சு. கூட்டம் கொஞ்சம் பின்னாடி கலங்கலா தெரிஞ்சிருக்கும், அதான் அக்கா அப்படிப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். முகம் தெரிஞ்சா நீங்க விடவே மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.” எஃப்எம் நாற்காலியைத் தடவி இழுத்து உட்கார்ந்தாள். “பிரச்சினை அது இல்லக்கா. எங்க அப்பா படத்தைப் பார்த்துட்டு, நீதான்மா பளிச்சுனு இருக்கேன்னு சொன்னாரு. ஸ்கூல்ல ஒருதடவை குரூப் போட்டோ எடுத்தாங்க. அப்பவும் இப்படித்தான் சொன்னாரு. பத்து வருஷம் கழிச்சு என் தோழி சொல்லித்தான் தெரியும், என்னை ஓரத்துல நிறுத்தி, பிரேம் போடறப்போ வெட்டியே விட்டிருந்தாங்க. அப்பா என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லியிருக்காரு. அதனால இப்ப எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்குப்பா என்னை ஏமாத்துவீங்க, அக்கா எழுதினதுல நான் இல்லவே இல்லைன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவர் என்கூடப் பேசல. சாப்பாட்டை வெச்சுட்டுப் போயிடறாரு.”

சும்மா இருந்திருக்கலாம். ‘ஆமாம்மா, கொஞ்சம் தள்ளித்தான் நின்னுட்டே’ என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாம் மூடிப்போகும். நாற்காலிக்கு மிச்சமிருக்கிற வாய்ப்பும் கெடாது. அக்கா வாயைத் திறந்தபோது அந்த வரிதான் நாக்கில் இருந்தது. ஆனால் ஒரு தையற்காரர் மகளுக்குச் சோற்றை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப்போகிற காட்சி அவள் கண்ணுக்குள் வந்து நின்றுகொண்டது. எஃப்எம்மின் அப்பா தையற்கடை வைத்திருப்பவர், இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். வெட்டிய துணியின் நூல் அவர் சட்டையில் எங்காவது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

“உங்கப்பா பொய் சொல்லல” என்றாள் அக்கா. “நீ படத்துல இருக்கே. என் பக்கத்துல, என் கையைப் பிடிச்சுட்டு. எல்லாரையும்விடத் தெளிவா இருக்கே.”

“அப்போ விளக்கத்துல?”

“நான்தான் விட்டுட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

எஃப்எம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒரே மூச்சில் கொட்டினாள். “எனக்கு உன்மேல வயித்தெரிச்சல். வந்த நாள்லேர்ந்து. நீ பேசினா சிரிக்கறாங்க, நான் பேசினா ஓடறாங்க. உனக்கு ஜன்னல் மேசை. உனக்கு மேடை. தலைவர் வேலையும் உனக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு. அதான்.” சொல்லி முடித்த பிறகு அவளுக்கே அது சின்னப்பிள்ளைப் பட்டியல் மாதிரிக் கேட்டது.

“என்னை நிறைய பேர் விட்டிருக்காங்க அக்கா” என்றாள் எஃப்எம் மெதுவாக. “தெரியாம விடுவாங்க. மறந்து விடுவாங்க. இருக்கறதே தெரியாம விடுவாங்க. எண்ணிப் பார்த்து விட்டது நீங்க மட்டும்தான்.”

அவள் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள். “நீங்களே சொல்லுங்க.”

மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம். பிறகு நின்றது. அக்கா தான் யார் என்று சொன்னாள். படத்தில் உங்கள் மகள் இருக்கிறாள், எழுதியதில் தவறு என்னுடையது, வேண்டுமென்றே செய்தது என்று சொன்னாள். ‘வேண்டுமென்றே’ என்பதை அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை.

“அதானே பார்த்தேன்!” என்றார் அவர். குரலில் அப்படி ஒரு தெம்பு. “நான் சொன்னா அது எங்க நம்புது? ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் தாயி. அந்த மேல்சட்டை நான் தெச்சது. கழுத்துப்பட்டியில குருவிங்க போட்டிருக்கேன், தடவிப் பார்த்தா அதுக்கே தெரியணும்னு நூலைத் தடிமனா விட்டேன். அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். படத்துல குருவி தெரியுதுங்களா?”

அக்கா படத்தைத் திறந்து பார்த்தாள். “தெரியுதுங்க” என்றாள். “ஏழு குருவி.”

எஃப்எம் போனை எடுத்து அப்பாவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு எழுந்தாள்.

“செயலாளர் அன்னைக்கு என்னைக் கூப்பிட்டது தலைவர் வேலைக்குத்தான். அக்கா இருக்கும்போது எனக்கு எதுக்கு சார், அக்காவுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.” சுவரைத் தொட்டுக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள். “இப்பப் போய் எனக்கும் வேணும்னு சொல்லப்போறேன். போட்டோ விஷயத்தை அவர்கிட்டச் சொல்ல மாட்டேன், அது நமக்குள்ள. ஆனா விட்டுக்குடுக்கறதை இன்னையோட நிறுத்திட்டேன்.”

அக்கா ஜன்னல் மேசையருகே நின்றபடியே இருந்தாள். கைக்கு எட்டியிருந்த ஒன்றைத் தன் கையாலேயே தட்டிவிட்டிருக்கிறாள். இரண்டு நாளாகக் குளிர்ந்து கிடந்த மனம் இப்போது கொதித்தது. கொதிப்பதற்கு வெளியே ஒரு ஆளும் அகப்படவில்லை. படவிளக்கத்தைத் திருத்தினாள், ஏழு குருவியையும் சேர்த்தாள். கீழே ‘முன்பு வெளியான விளக்கத்தில் ஒருவர் விடுபட்டது எழுதியவரின் தவறு’ என்று ஒரு வரி போட்டாள். அதன் கீழே, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, எழுதியவர் என்று தன் பெயரையும் போட்டாள்.

செயலாளர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவா?” என்று கேட்டார். அடுத்த வாரம் நேர்காணல் நடந்தது. இருவரும் போனார்கள். அக்கா நன்றாகத்தான் பேசினாள். எஃப்எம் அதைவிட நன்றாகப் பேசினாள். வேலை எஃப்எம்முக்குக் கிடைத்தது. யார்மேலாவது பழி போடலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. வீட்டில் கணவர், “போனா போகுது விடு” என்றார். அக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “எரியுதுங்க” என்றாள். அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

புதிய தலைவரின் நியமனத்தை அறிவித்து ஓர் அறிக்கை போக வேண்டும். கூடவே அவள் படமும், அதற்கு விளக்கமும். அலுவலகத்தில் வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம் என்று செயலாளர் தயங்கினார். “குடுங்க, நான் எழுதறேன்” என்று அக்கா வாங்கிக்கொண்டாள்.

அவள் அந்தப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமைப்படுகிறவள் பார்க்கிற அளவுக்குக் கூர்ந்து ஒரு முகத்தை வேறு யாரும் பார்ப்பதில்லை. பெற்றவர்களாவது பாசத்தில் சிலதைத் தவறவிடுவார்கள். அக்கா எதையும் தவறவிடவில்லை. எட்டு மாதமாக அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்த முகம் அது. எழுதி முடித்து, கையேட்டின் விதிப்படி எஃப்எம்முக்கு அனுப்பினாள்.

எஃப்எம் போனைக் காதருகே வைத்துக் கேட்டாள். அவள் போன் வழக்கமாக எதையும் நெல் கொட்டுகிற வேகத்தில் வாசிக்கும். இந்த முறை வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டாள். அறைக்குள் அந்த இயந்திரக் குரல் மட்டும் நிதானமாக ஒலித்தது.

‘தோள்வரை எடுத்த படம். கறுத்த, வட்ட முகமுள்ள ஓர் இளம்பெண். தலையை இடப்பக்கம் சாய்த்து, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறார். சிரிப்பு இன்னும் வந்து சேரவில்லை, கிளம்பிவிட்டது மட்டும் தெரிகிறது. வலது புருவம் கொஞ்சம் ஏறி, பதிலுக்கு ஒரு கேலியைத் தயாராக வைத்திருக்கிறது. நெற்றியில் முடி ஒன்று விலகிக் கிடக்கிறது. அதை யாரும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை, அங்கேயே அழகாக இருக்கிறது. இந்த முகத்தைக் கண்டால் யாருக்கும் பக்கத்தில் போய் உட்காரத் தோன்றும்.’

எஃப்எம் மறுபடி ஒருமுறை கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். போட்டோ விஷயத்துக்குப் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை.

“அக்கா” என்று கூப்பிட்டாள். “உண்மையைச் சொல்லுங்க. இது நான்தானா? பாவம் பார்த்துக் கொஞ்சம் கூட்டி எழுதிட்டீங்களா?”

“கூட்டறதா?” என்றாள் அறிக்கையக்கா. “மனசு வராம கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்.”